பேரப்பிள்ளைகளுக்குத் தைக்க எந்தத் துணி: கடைப் புதுத்துணியா, பழைய சேலையா, பண்டல் உடுப்பா?

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, கோலாலம்பூரில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பாட்டிமார் பலருக்கும் ஒரே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை, பேரனுக்கு ஒரு ஜிப்பா, பேத்தி தூக்கிக்கொண்டு அலையும் பொம்மைக்கும் அதே நிறத்தில் ஒன்று என்று மனத்துக்குள் கணக்குப் போட்டாயிற்று. துணிக்கு எங்கே போவது என்பதுதான் முடிவாகவில்லை. மஸ்ஜிட் இந்தியா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ மீட்டர் கணக்கில் புதுத்துணி வாங்கலாம். அலமாரியில் பல வருடமாகக் கட்டாமல் கிடக்கும் சேலையை எடுத்து வெட்டலாம். பயன்படுத்திய உடுப்புகளை விற்கும் பண்டல் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் பெரியவர்களின் சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். மூன்றுக்கும் பரிந்து பேச ஆள் இருப்பதால், கேட்கக் கேட்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறான துணியே கையில் வந்து சேரும் என்பது என் எண்ணம். துணியில் இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது, அந்த உடுப்பை இந்தக் குழந்தை எவ்வளவு காலத்துக்கு எப்படிப் போட்டு அடிக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றில் எது என்பது அநேகமாகத் தானாகவே தெரிந்துவிடும்.

ஆயத்த உடை வாங்குவதையும் தையற்கடையில் கொடுப்பதையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் யாராவது தைக்க உட்காருவதாக இருந்தால், அவருக்கு நான் சொல்லக்கூடியது ஆயத்த உடையே மலிவு என்பதுதான். தைப்பது என்று தீர்மானித்துவிட்டவர்களுக்காக எழுதப்படுவது இது.

எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, மேலே சொன்ன ஆயுட்கணக்கு. பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஏறக்குறைய 25 செ.மீ. வளர்கிறது, ஆகவே அதற்குத் தைக்கும் சட்டை எதுவானாலும் இரண்டு மூன்று மாதத்தில் சிறியதாகிவிடும். மூன்று வயதுக்குப் பிறகு வளர்ச்சி வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ. என்ற அளவுக்குத் தணிந்துவிடுவதால், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சற்று இடம் விட்டுத் தைத்த உடுப்பை ஒன்றரை வருடம் போடலாம். அத்தனை காலமும் வாராவாரம் துவைத்து, விளையாட்டு மைதானத்தில் தேய்ந்து, துணி தாங்க வேண்டும்.

இரண்டாவது, துவைக்கப்போவது யார் என்பது. பாட்டி தைக்கிறார், துவைப்பது மகளோ மருமகளோ. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அடுக்குமாடிக்குக் கீழே உள்ள தானியங்கி டோபி கடையில் எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டு, சூடான உலர்த்தியில் காயவைத்து எடுத்து வருவதே இப்போது வழக்கம். அந்த உலர்த்தியைத் தாங்காத உடுப்பு, எத்தனை அழகாக இருந்தாலும், தீபாவளியன்று ஒரு நாள் போடப்பட்டு அலமாரிக்குள் போய்விடும்.

மற்றவை சுருக்கமானவை: குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா, பிரிக்க, துவைக்க, தேய்க்க, உள்துணி கொடுக்க ஆகும் உழைப்பு எவ்வளவு, நூல், எலாஸ்டிக், பிரஸ் பட்டன் எல்லாம் சேர்த்த மொத்தச் செலவு என்ன, வெட்டு தவறினால் அதே துணி மறுபடி கிடைக்குமா. பொம்மைக்கு என்றால் இந்த வரிசையே தலைகீழாகிவிடும் என்பதால், அதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

| எதை வைத்து | கடைப் புதுத்துணி | பழைய சேலை, வேட்டி | பண்டல் உடுப்பு |
|---|---|---|---|
| மிச்ச ஆயுள் | முழுதாக இருக்கும் | சோதித்தால்தான் தெரியும் | பெரும்பாலும் நன்று. முழங்கை, கழுத்துப் பகுதி நீங்கலாக |
| துவைப்பு | முதல் துவைப்பில் சுருங்கும் | பருத்தி எளிது. பட்டு கடினம் | சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்திருக்கும் |
| தோல் | புதுக்கஞ்சி போகத் துவைக்க வேண்டும் | பருத்தி மிக மென்மை. ஜரிகை குத்தும் | சுடுநீரில் துவைத்த பிறகு நன்று |
| உழைப்பு | குறைவு | அதிகம் | நடுத்தரம். சில வேலைகள் மிச்சமாகும் |
| மறைந்திருக்கும் செலவு | கூடுதல் துணி, மிஞ்சும் துண்டுகள் | உள்துணி, புது ஊசி | வீணாகும் பகுதி |
| மறுபடி கிடைக்குமா | அநேகமாகக் கிடைக்கும் | கிடைக்காது | கிடைக்காது |

கடைப் புதுத்துணி

நான்கு வயதுப் பெண்பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 60 செ.மீ. நீளத்தில் பாவாடை என்று எடுத்துக்கொள்வோம். கடை அட்டையில் ‘பிடாங் 45’ (அகலம் 45 அங்குலம்) என்று குறித்திருக்கும் துணி ஏறக்குறைய 110 செ.மீ. அகலம் இருக்கும். அடிமடிப்புக்கும், பிள்ளை வளரும்போது பிரித்து நீளமாக்கப் பிடித்து வைக்கும் டக்குக்கும் சேர்த்து 75 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிச் சேர்த்தால் 220 செ.மீ. சுற்றளவு கிடைக்கும், அது நல்ல சுருக்கத்துக்குப் போதும். பாவாடைக்கு ஒன்றரை மீட்டர், சட்டைக்கு முக்கால் மீட்டர். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும் என்பதால், 2¼ மீட்டர் என்று கணக்கு வந்தாலும் 2½ மீட்டர் வாங்குவதே அறிவுடைமை. கட்டமும் கோடும் போட்ட துணியாக இருந்தால், ஓரங்களைப் பொருத்துவதற்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். மீட்டர் 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், துணிக்கு மட்டும் 37 வெள்ளி 50 காசு. நூலும் எலாஸ்டிக்கும் பட்டனும் அதற்கு மேல்.

வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன்பே, அந்த வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே ஒருமுறை துவைத்து உலர்த்தி எடுக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்துவிட்டால், உள்துணி ஓர் அளவிலும் மேல்துணி வேறோர் அளவிலும் சுருங்கி, பாவாடையின் விளிம்பு முழுவதும் கொசகொசவென்று இழுத்துக்கொண்டு நிற்கும். துணி விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியும் சுருக்கம் விழாதிருக்கப் பூசும் வேதிப்பொருளும் முதல் துவைப்பில் பெருமளவு போய்விடும் என்பதால், தோல் சிவக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்லது.

நிறம் போகும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. உப்பு உதவுவது சாயத் தொட்டியில், துணி சாயத்தை இழுத்துக்கொள்வதற்கு; ஏற்றி முடித்த சாயத்தை அது பிடித்து வைக்காது. ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் துடைத்துப் பார்ப்பதும், நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காமலிருப்பதுமே வழி.

புதுத்துணியின் பெரிய பலம், அது தவறைப் பொறுத்துக்கொள்ளும் என்பது. கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டால் இன்னொரு அரை மீட்டர் வாங்கி வந்து சரிசெய்யலாம். பலவீனம், டக்கைப் பிரிக்கும்போது தெரியும். 3 செ.மீ. ஆழத்தில் பிடித்த டக்கைப் பிரித்தால் 6 செ.மீ. நீளம் கிடைக்கும், பாவாடைக்கு அது ஒரு வருடத்துக்கு மேலாகவே தாங்கும். ஆனால் வெளியில் இருந்த துணி வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்க, டக்குக்குள் மறைந்திருந்த பகுதி புதுநிறத்தோடு பட்டையாகத் தெரியும். அதன்மேல் ஒரு ரிப்பனோ லேஸோ வைத்துத் தைப்பது நம் தையற்காரர்கள் வழக்கமாகச் செய்வது.

பள்ளி செல்லும் வயதுப் பிள்ளையின் அன்றாட உடுப்பு, அக்காள் தங்கை என இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி உடை, முதன்முதலாகத் தைத்துப் பழகுபவரின் வேலை ஆகிய மூன்றுக்கும் புதுத்துணியே ஏற்றது. தீபாவளிக்கும் பெரும்பாலும் அதுதான். மஞ்சள் தடவிச் சாமி முன் வைத்து எடுத்துக் கொடுப்பது கோடித்துணியாக இருக்க வேண்டும் என்று கருதும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. சேலையை வெட்டித் தைத்தது புதுத்துணிக் கணக்கில் சேருமா என்பதை வெட்டுவதற்கு முன்பே சம்பந்தி வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பழைய சேலை, வேட்டி, சாரோங்

முதல் பார்வையில் இதுவே இலவசம் போலத் தோன்றும். சேலை ஐந்தரை மீட்டர் நீளமும் 115 செ.மீ. அளவில் அகலமும் உள்ளது; கரை நீளவாக்கில் ஓடுகிறது. கரையே பாவாடையின் அடிவிளிம்பாக வரும்படி, கரையிலிருந்து 75 செ.மீ. உயரத்துக்கு 2.2 மீட்டர் நீளத் துண்டாக எடுத்தால், அடிமடிப்புத் தைக்கும் வேலையே இல்லாமல் ஒரு பாவாடை கிடைத்துவிடும். இப்படி இரண்டு பாவாடை எடுத்த பிறகும் முந்தானைப் பகுதி சட்டைக்கு மிஞ்சும். மேல்பக்கத்தில் 40 செ.மீ. அகலத்துக்கு ஒரு நீண்ட பட்டையும் மிஞ்சும். இரண்டு பேத்திகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வாகான அளவு வேறில்லை.

செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பட்டாக இருந்தால் பருத்தி உள்துணி இல்லாமல் குழந்தை போட்டுக்கொள்ளாது. ஜரிகை வைத்த கையோரம் அக்குளில் உரசும்போது “பாட்டி, குத்துது” என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு கோவிலுக்கு வரத் தயாராக நிற்கும் பிள்ளையை யாரும் சமாதானப்படுத்த முடியாது. ஆகவே உள்துணிக்கு இரண்டு மீட்டர் மல்துணி, மெல்லிய பட்டைத் துளை விழாமல் தைக்க 70/10 எண்ணுள்ள புது ஊசி, ஜரிகையில் உரசி முனை மழுங்கினால் மாற்ற இன்னொன்று என்று கணக்கு ஏறுகிறது. ஃபால்ஸைப் பிரித்து, அதன் தையல் துளைகள் தெரியாதபடி வெட்டுக்கோட்டை நகர்த்துவதும் சேர்ந்தால், புதுத்துணியில் ஒரே மாலையில் முடியும் வேலை வாரக்கடைசி முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

துணியின் பலத்தைச் சோதிக்காமல் கத்தரியை எடுக்கவே கூடாது. சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழை மெலிந்த இடங்கள் வலை போலத் தெரியும். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, பெரும்பாலும் அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். இரண்டு பெருவிரல்களையும் அடுத்தடுத்து வைத்து, பாவுவாக்கில் (நீளத்தில்) ஒருமுறையும் ஊடுவாக்கில் (அகலத்தில்) ஒருமுறையும் துணியை இழுத்துப் பார்க்க வேண்டும். ‘ட்டக்’ என்று ஓர் இழை அறுந்தாலும் அந்தப் பகுதி குழந்தை உடுப்புக்கு உதவாது. பொம்மைக்கோ, வேறு துணியின்மேல் ஒட்டுவேலையாக வைத்துத் தைப்பதற்கோ ஒதுக்கிவிடலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அலமாரியில் பூஞ்சைப் புள்ளிகள் விழுவது சகஜம். வெளிர் புள்ளி துவைத்தால் போகலாம். கருத்துப்போன புள்ளி இழைக்குள் இறங்கியிருக்கும் என்பதால், அதை விலக்கித்தான் வெட்ட வேண்டும்.

மறைந்திருக்கும் இன்னோர் ஆபத்தை எடுத்துச் சொல்பவர் குறைவு. சேலைகளுக்கிடையே போட்டு வைக்கும் பாச்சை உருண்டையில் நாப்தலீன் இருக்கக்கூடும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அதன் ஆவியும் துணி வழியாகத் தோலில் படுவதும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதித்துவிடுவதால், பெற்றோருக்குப் பெரும்பாலும் விவரம் தெரிந்திருக்கும். பாட்டி கேட்டுக்கொள்வதுதான் பாக்கி. குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையோடு கிடந்த துணியே வேண்டாம். மற்றவர்களுக்கு என்றாலும், பல நாள் காற்றாட விட்டு, சோப்பிட்டு இரண்டு முறை துவைத்து, வாடை முற்றிலும் போன பிறகே வெட்டுவது நல்லது.

சேலை என்றாலே பட்டும் பருத்தியும்தான் என்றில்லை. அலமாரிகளில் அதிகம் கிடப்பவை பாலியஸ்டர் ஜார்ஜெட்டும் சிஃபானும். என்ன இழை என்று சந்தேகம் வந்தால், ஓர் இழையை உருவி, குழந்தைகள் இல்லாத நேரத்தில் சமையலறைத் தொட்டிக்குமேல் பிடித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மென்சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை வீசும். பாலியஸ்டர் உருகிக் கருமணியாக உறையும். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மத்தாப்புக் கம்பியின் பொறியோ 1000 டிகிரிக்கும் மேல். எனவே தீபாவளி இரவில் போடும் உடுப்புக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பருத்தியும் எரியக்கூடியதே என்பதால், எந்தத் துணியானாலும் தொங்கும் தாவணியும் அகலக் கையும் இல்லாமல் உடம்போடு ஒட்டித் தைப்பதே பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு, பழைய துணி எங்கே மற்ற இரண்டையும் விஞ்சுகிறது? கைக்குழந்தையின் உடுப்பில். பல நூறு முறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட எட்டு முழ வேட்டிக்கும் நூல்சேலைக்கும் ஈடான புதுத்துணி எந்தக் கடையிலும் இல்லை. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் சுற்றுவது நம் வீடுகளில் வழிவழியாக வருவதும் இதனால்தான். மூன்று மாதத்தில் சிறியதாகிவிடப்போகும் சட்டைக்கு, இன்னும் ஒரு வருட ஆயுள் மிச்சமுள்ள துணி தாராளமாகப் போதும். கிளந்தான் பத்திக் சாரோங்கும் இப்படித்தான். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒன்றில் கைக்குழந்தைக்கு நான்கைந்து சட்டை எடுக்கலாம், டக்கைப் பிரித்தாலும் ஏற்கெனவே வெளுத்த துணியில் நிறவேறுபாடு தெரியாது. மெல்லிய துணிக்கு ஓவர்லாக் இயந்திரம் தேவையில்லை. விளிம்பை உள்ளே மறைத்து இருமுறை தைக்கும் பிரெஞ்சுத் தையல் போட்டால், பிசிறு எதுவும் குழந்தையின் உடம்பில் படாது.

பட்டுச்சேலையை வெட்டுவது வேறு விஷயம். அது ஒருமுறைதான் வெட்டப்படும். அளவு சரிதானா என்று பழைய போர்வைத் துணியில் முழுதாக ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்த பிறகே பட்டைத் தொட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கென்றால், பாயசமும் மத்தாப்புப் பொறியும் படும் ஒரு நாளுக்காகத் திருமணச் சேலையை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வயதுக்கு மேல், அது யாருடைய சேலை என்று அறிந்து போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு என்றால் தாராளமாக வெட்டலாம்.

பண்டல் உடுப்பு

ஜப்பானிலிருந்து வரும் பயன்படுத்திய உடுப்புகளை விற்கும் ஜலான் ஜலான் ஜப்பான் போன்ற பெரிய கடைகள் முதல், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை, பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தை வரை, பழைய உடுப்பு தேடுபவர்களுக்கு இங்கே இடத்துக்குக் குறைவில்லை. ‘யாரோ போட்டதை நம் பிள்ளைக்கா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 60 டிகிரி வெந்நீரில் நன்றாகத் துவைத்துக் காயவைத்தால் அந்தக் கவலை பெருமளவு தீரும். அந்தச் சூட்டைத் தாங்காத கம்பளி, பட்டு வகைகளைக் குழந்தைகளுக்காக வாங்கவே தேவையில்லை.

இதன் ஆதாயம் துணியில் மட்டும் இல்லை. ஏற்கெனவே முடித்து வைத்த வேலையில் இருக்கிறது. ஆண்கள் சட்டையின் முன்பட்டியில் பட்டன்களும் காஜாவும் தயாராக உள்ளன. சட்டையைப் பட்டன் போட்டபடியே திருப்பி வைத்து, அந்த முன்பக்கம் குழந்தையின் கவுனுக்குப் பின்பக்கமாக வரும்படி வெட்டினால், காஜா எடுக்கும் வேலையே இராது. கால்மெஷினில் தைப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. பெரிய அளவுச் சட்டை ஒன்றின் முதுகுத் துண்டில் மூன்று வயதுப் பிள்ளையின் கவுனுக்கு முன்பக்கம் முழுதாகக் கிடைக்கும். ஜீன்ஸின் பையை அப்படியே வெட்டிப் பேரனின் அரைக்கால்சட்டையில் வைத்துத் தைக்கலாம். துணி ஏற்கெனவே பலமுறை துவைத்தது என்பதால் இனிச் சுருங்குமோ என்ற அச்சமும் இல்லை.

வாங்கும்போது கழுத்துப்பட்டியின் உட்புறம், அக்குள், முழங்கை ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தால் மீதியைச் சொல்லிவிடலாம். எலாஸ்டிக் இழுத்தால் கரகரவென்று சத்தம் வரும் உடுப்பில் அதை மாற்றியே ஆக வேண்டும். டி-சட்டைத் துணி வாங்குபவர் முதலில் தம் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்: இழுபடும் பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசியும் வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையலும் தேவை, நேர்த்தையல் மட்டும் போடும் பழைய சிங்கரில் தைத்தால், தலையை நுழைக்கும்போதே நூல் அறுந்துவிடும்.

பண்டலின் உண்மையான செலவு வீணாகும் பகுதிதான். மலிவாக இருக்கிறதே என்று ஐந்தாறு வாங்கி வந்து, அவற்றுள் இரண்டை மட்டும் பிரித்துவிட்டு, மற்றவற்றைப் பையோடு கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பவர் வீட்டில், புதுத்துணி வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் பணத்தைவிட அதிகம் செலவாகியிருக்கும். என்ன தைக்கப்போகிறோம் என்று தெரியாமல் பண்டல் கடைக்குள் நுழையக் கூடாது. ஆண்பிள்ளைகளின் விளையாட்டு உடுப்புக்கும், பட்டன், ஜிப், பை நிறைந்த உடுப்புக்கும் என் தேர்வு இதுவே. பண்டிகைக்கு நான் இதை எடுப்பதில்லை.

பொம்மை என்றால் கணக்கு மாறும்

பொம்மை வளர்வதில்லை, வியர்ப்பதில்லை, ஓடி விழுவதில்லை. ஆயுள் முடிந்துபோன துணிக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஆனால் குழந்தைக்குத் தைக்கும்போது எழாத நான்கு பிரச்சினைகள் அங்கே எழும்.

முதலாவது அளவுப் பொருத்தம். 1959-இல் வந்த பார்பி ஏறக்குறைய 29 செ.மீ. உயரம், ஆறில் ஒரு பங்கு மனித உருவம் என்பது கணக்கு. 3 செ.மீ. அகலப் பூப் போட்ட துணியை அதற்கு உடுத்தினால், பெரியவர் ஒருவர் 18 செ.மீ. பூப்போட்ட உடுப்பைப் போட்டது போலிருக்கும். சேலையின் 10 செ.மீ. கரை அதன் பாவாடையில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். இங்கேதான் சேலையின் மேல்பக்கத்தில் மிஞ்சிய பட்டை கைகொடுக்கிறது: பல சேலைகளில் மேற்கரை கீழ்க்கரையைவிட ஒடுக்கமானது, அதைப் பொம்மைப் பாவாடையின் அடிவிளிம்பாக வைத்தால் பேத்தியின் பாவாடைக்கும் பொம்மையின் பாவாடைக்கும் பொருத்தம் அமைந்துவிடும். 46 செ.மீ. உயரமுள்ள பெரிய பொம்மைக்கு 28 செ.மீ. உயரமும் 70 செ.மீ. நீளமும் உள்ள துண்டு போதும். யுகாத்தா எனப்படும் ஜப்பானியப் பருத்தி உடை பண்டலில் கிடைத்தால் விடாதீர்கள். 36 முதல் 38 செ.மீ. அகலமுள்ள நேர்த்துண்டுகளாகவே அது பிரியும், பொம்மைக்கு வெட்ட அவ்வளவு எளிது.

இரண்டாவது தடிமன். குழந்தை உடுப்பில் ஒன்றரை செ.மீ. விடும் தையல் ஓரத்தைப் பொம்மைக்கு அரை செ.மீ. அளவில் நிறுத்தி, தையலின் நீளத்தை 1.5 மி.மீ.க்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஜீன்ஸும் தடித்த பட்டும் பொம்மை இடுப்பில் மூட்டையாகத் திரளும். நூல்சேலை, மல், தேய்ந்த வேட்டி ஆகியவையே இங்கே ராஜா. கைக்குழந்தையின் உடுப்பைப் போலவே இந்த விஷயத்திலும் புதுத்துணி பழைய துணியிடம் தோற்கிறது.

மூன்றாவது சாயம். அடர்சிவப்பும் கருநீலமும் வினைல் பொம்மையின் உடலில் நாளடைவில் இறங்கிவிடும்; அந்தக் கறை சோப்புக்குப் போவதில்லை. சாயம் நிற்காத பத்திக்கையும் சேலையையும் பயன்படுத்தினால் வெள்ளை மல்துணியில் உள்துணி கட்டாயம்.

நான்காவது, மாட்டிக் கழற்றுவது. வெல்க்ரோவை மூன்று வயதுப் பிள்ளையும் பிரித்துவிடும். ஆனால் அது பொம்மையின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளும், பட்டில் இழையை உருவிவிடும். பிரஸ் பட்டனை அழுத்தப் பிள்ளையின் விரலில் சற்று வலு வேண்டும் என்பதால், ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு அது பொருந்தும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணி, முத்து, தனிப் பட்டன் எதுவும் பொம்மையின் மேல் இருக்கக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்கும் அனைத்துலக முறையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதாகவே கருதப்படுகிறது. அந்த வயதில் பூத்தையல் மட்டும் போதும். கழுத்தில் முடிச்சிடும் கயிறும் குழந்தைக்கோ அது அணைத்துப் படுக்கும் பொம்மைக்கோ வேண்டாம்.

பொம்மையின் மற்றச் சாமான்களுக்குப் பண்டலும் பழைய சேலையும் போட்டி போடும். ஜரிகைக் கரையில் ஒட்டியாணமும் ரிப்பனில் மல்லிகைச் சரமும் சேலைத் துண்டில் தொட்டிலும் செய்யலாம். ஆண்கள் கழுத்தில் கட்டும் டை குறுக்குவாக்கில் வெட்டப்பட்டது என்பதால், பிரித்தால் பார்பியின் உடம்புக்கு வளைந்து படியும் நீண்ட பாவாடைக்கு உதவும். எனக்கு மிகவும் பிடித்தது முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டி. அதைத் தனியே வெட்டி, வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பட்டன் உள்ள முனையைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக மேலே மடித்து, இரு பக்கமும் தைத்துவிட்டால் அது பை. காஜா உள்ள முனை மூடியாக மடிந்து வந்து பட்டனில் மாட்டிக்கொள்ளும். தோளில் போட ஒரு நாடா வைத்தால் பெரிய பொம்மைக்குக் கைப்பை தயார். புதுத்துணியில் இதையே செய்யக் காஜா, விறைப்புத்துணி, உள்துணி எல்லாம் தேவைப்படும்.

தலையணை, மெத்தைக்கு இலவம்பஞ்சு வேண்டாம். துவைத்தால் கட்டியாகி, நம் ஈரக்காற்றில் காயாமல் மக்கும். பொடியாக நறுக்கிய துணித்துண்டுகளே போதும். புதுத்துணி வெட்டி மிஞ்சியவை செலவாகும் இடமும் அதுவே.

ஒன்றையே தேர்வது கட்டாயமா

நடைமுறையில் நல்ல உடுப்பு பலவும் கலப்புத்தான். புதுப் பருத்தியில் சட்டையும் பாவாடையும் தைத்து, பாட்டியின் சேலைக்கரையை அடிவிளிம்பில் மட்டும் வைத்தால், பாரம் தாங்கும் தோளும் இடுப்பும் புதுத்துணியாகவும் கண்ணில் படும் இடம் பழைய பட்டாகவும் இருக்கும். கரையைக் கையால் பெருந்தையல் போட்டு இணைத்தால், துவைக்கும்போது பிரித்து எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். பாவாடையை எலாஸ்டிக் இடுப்பில் மட்டும் நிறுத்தாமல் கையில்லாத பாடியோடு சேர்த்துத் தைத்தால், பாரம் தோளில் இறங்கி மெலிந்த துணியும் கூடுதல் காலம் நிற்கும்.

காலமானவரின் சேலையைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதைப் பிள்ளைக்குப் போடுவதை ஆசீர்வாதமாகக் கருதும் குடும்பமும் உண்டு, வேண்டாம் என்று ஒதுக்கும் குடும்பமும் உண்டு. எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் குழந்தையின் அம்மாவிடம் கேட்கும்வரை அந்தச் சேலையில் கத்தரி வைக்க வேண்டாம். அவர் சம்மதித்தால், முதலில் முந்தானையைத் தொடாமல் உள்முனையில் ஒரு கை அகலத்தை மட்டும் எடுத்துப் பொம்மைக்குத் தைத்துக் காட்டலாம். மீதி ஐந்து மீட்டருக்கு மேல் சேலையாகவே இருக்கும்.